பாதிக்கடல் பாய்

மன்னார் வளைகுடாவில் முங்கிப் பேர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். முங்காமலே பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மண்டபத்துப் பாதிக்கடல் பாய்தான். இன்னொரு ஆளைக் காட்டினால் என் செல்போன் ரிப்பேர் கடையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அரபு நாட்டில் கப்பலுக்கு அடியில் சிலிண்டர் கட்டி வேலை பார்த்தவர். ஊருக்கு வந்ததும், கடலில் விழுந்த நங்கூரம், என்ஜின் இவற்றை எடுத்துக் கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டார். இறங்குவது ஒற்றை ஆளாகத்தான். துணைக்கு ஆள் வைக்கச் சொன்னால், "அவன் மூச்சையும் சேத்து நானே எண்ணணும். எனக்கு என் மூச்சே போதும்" என்பார். ஆனால் மூன்று தடவை கிளம்பினால் இரண்டு தடவை பாதியில் திரும்பிவிடுவார். பெயர் அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லத்தில், அதாவது சின்னப் படகில், கயிறு பிடிக்க நான் கூடப் போவேன். ஒருநாள் எல்லாம் மாட்டிக்கொண்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டபிறகு, "கரைக்கு விடு" என்றார்.

"என்ன பாய், நீரோட்டமா?"

"காலையில வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டா. பதில் சொல்லாம வந்துட்டேன். கீழ போனா அந்தப் பதிலத்தான் யோசிப்பேன், முள்ளப் பாக்க மாட்டேன்." முள் என்பது சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது.

"அப்பிடி என்ன கேட்டாங்க?"

"மனுசனா நீன்னு."

காற்றுக்கு அவர் வைத்திருந்த கணக்கு தனி. "மூணாப் பிரிச்சுக்கணும். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர. மூணாவது எனக்குச் சொந்தமில்ல, வீட்டுக்காரி பங்கு. அதுல கை வச்சா அவ கொன்னுருவா."

இறங்கும் முன் வாய்க்குள் பிஸ்மி சொல்லிவிட்டு, முகக் கண்ணாடிக்குள் எச்சிலைத் துப்பித் தேய்ப்பார். இதைக் கரையில் நின்று பார்த்த ஒரு தாய், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிவாசல் வாசலில் ஓதி ஊதுகிற மாதிரி இது ஒரு ரகம் என்று நினைப்பு.

"பாய், பிள்ளைக்கும் ஒரு தடவ துப்பி விடுங்க."

"ஏம்மா, கண்ணாடில ஆவி வரக் கூடாதுன்னு துப்புறேன்!"

"அதத்தான் நாங்களும் சொல்றோம். இவனுக்கும் ஆவிதான்."

அன்றைக்கும் பாய் இறங்கவில்லை. பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் சிரித்துச் சிரித்து மூச்சு தாறுமாறாகிவிட்டதாம்.

சிரித்த கதை இதுவரை. சூசை கதை அப்படியில்லை.

சூசை எங்கள் தெரு மீனவர். அவருடைய வல்லத்தின் என்ஜின் கழன்று கடலுக்குள் விழுந்துவிட்டது. அவருக்கு இருந்ததே அந்த ஒரு என்ஜின். உப்புத் தண்ணீரில் ஊற ஊற அது இரும்புக் கடைக்குத்தான் ஆகும். பக்கத்து வீட்டு வல்லத்தை இரவல் வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போனோம். தண்ணீர் கலங்கல். பாய் இறங்கினார். வெகுநேரம் கழித்து மேலே வந்து வல்லத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"இருக்கு சூசை. கண்ணால பாத்துட்டேன். பாறைக்கு அங்கன, மண்ணுல சாஞ்சு கிடக்கு."

சூசை கையெடுத்துக் கும்பிட்டார். "கயிறு கட்டியாச்சா?"

"கட்டல. கலங்கல்ல தேடுனதுலயே காத்து போயிருச்சு. முள்ளு திரும்புன்னுச்சு, வந்துட்டேன்."

"கயிறு கட்ட எம்புட்டு நேரம் பாய்? ஒரு பீடி குடிக்கிற நேரம்!"

"அந்தப் பீடி நேரந்தான் ஆளக் கொல்றது. என்ஜினப் பாத்ததும் எனக்கு ஆச வந்துருச்சு சூசை. பயம் வந்தாக்கூட முள்ளப் பாப்பேன். ஆச வந்தா பாக்க மாட்டேன்."

"மனுசனா நீங்க?"

"இத வீட்லயே கேட்டாச்சு. நாளைக்கு ரெண்டு சிலிண்டரோட வாரேன்."

"நாளைக்குக் கடல்ல காத்து மாறி அடிச்சா? கழட்டுங்க அந்தச் சிலிண்டர. மிச்சக் காத்துல நான் போறேன்."

"உனக்கு இதுல மூச்சு விடத் தெரியாது."

"பெறந்ததுலருந்து விட்டுட்டுத்தான இருக்கேன்!"

சூசை பாய்ந்து சிலிண்டர் வாரைப் பிடித்து இழுத்தார். வல்லம் ஆடியது, நான் இருவருக்கும் நடுவில் விழுந்தேன். பாய் சட்டென்று சிலிண்டரின் வாயைத் திறந்துவிட்டார். வீட்டுக்காரி பங்கு முழுவதும் புஸ்ஸென்று கடல் காற்றோடு போனது.

"பயந்தாங்கொள்ளி!" என்றார் சூசை. அவர் கண்ணில் தண்ணீர்.

பாய் எழுந்து நின்றார். "ஆமாய்யா. கீழ எனக்கு 'போதும், வா'ன்னு சொல்ல ஆள் கிடையாது. நானே சொல்லணும், நானே கேக்கணும். ஊரே சிரிக்கட்டும். சிரிக்கிற சத்தம் என் காதுல விழுகுதுல்ல, அது போதும்."

பாய் மேலே வந்த இடத்தில் மிதவை போட்டுவிட்டுத் திரும்பினோம். விடிவதற்குள் கச்சான் என்கிற மேற்குக் காற்று கிளம்பி, நாள்கணக்கில் அடித்தது. மிதவையும் போச்சு, மண் மூடி என்ஜினும் போச்சு. பாய் திரும்பத் திரும்ப இறங்கித் தேடினார். ஒவ்வொரு தடவையும் முள் சொன்ன இடத்தில் திரும்பினார். சூசை அடுத்தவர் படகுக்கு வேலைக்குப் போனார்.

"சூசைகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன பாய்?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"என்ஜின் போனதுக்கு அழச் சொல்லு, அழுறேன். மேல வந்ததுக்கு மன்னிப்பா? போ ஏலே!"

சூசை இன்னும் அவரோடு பேசுவதில்லை, திட்டுவதோடு சரி. ஆனால் பாய் இறங்கிய நாளில் வல்லம் வரக் கொஞ்சம் தாமதமானால், கரையில் முதல் ஆளாக வந்து நிற்பது அவர்தான். கேட்டால், "திட்டுறதுக்கு ஆள் வேணும்ல" என்பார்.

எனக்குத் திட்டுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் கூடப் போகாத நாளில், கடையைப் பாதி சாத்திவிட்டுப் போய், சூசை பக்கத்தில் நிற்பேன்.