ஆறிப்போன சூப்பும் ஆறாவது நாடாவும்

ஆறாவது நாடாவில், கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில், யாரோ ஒருவர் சூப்பைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சூப் ஆறிப்போச்சு," என்றது குரல். பியானோ தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "போன வாரமும் இப்படித்தான்," என்றது குரல்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்த இசைத்தட்டு நிறுவனத்தில் அவருக்குக் 'காது' என்று பெயர். பக்கத்து அறையில் பேனா விழுந்தால், மூடியோடு விழுந்ததா இல்லாமல் விழுந்ததா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ஒரு பழைய ஓட்டலை இடித்தபோது, படுக்கை விரிப்புகள் வைக்கும் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஆறு ஒலிநாடாக்கள். மூடியில் மாஸ்டரின் பெயர். ஜாஸ் பியானோவில் மாஸ்டர் என்றால் ஒருவர்தான். அவர் அந்த ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலைதோறும் வாசித்தது ஊரறிந்த விஷயம். அதை யாரோ பதிவு செய்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. மாஸ்டர் இறந்து வருடங்களாகிவிட்டன. மனிதர் பேட்டி கொடுத்ததில்லை, மேடையில் நன்றிகூடச் சொன்னதில்லை. அவருக்காகப் பியானோவே பேசிவிடும் என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

கல்லூரி நாட்களில் காது அந்த ஓட்டலுக்குள் போக வசதியில்லாமல், தெருவில் ஜன்னலுக்குக் கீழே நின்று மாஸ்டரைக் கேட்டவர். மழையிலும் நின்றிருக்கிறார். இந்தத் தொழிலுக்கு வந்ததே அதனால்தான். பெட்டியைத் தன் மேஜைமேல் வைத்ததும் மூடியிலிருந்த பெயரைத் துணியால் துடைத்தார்.

முதல் ஐந்து நாடாக்களும் அருமை. ஆறாவது வேறு மாதிரி. இடது கை நிதானமாக நடந்துகொண்டே இருந்தது. வலது கை எதையோ மறந்துவிட்டதுபோல் நின்று யோசித்து, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை வராதோ என்று கேட்கிறவர் நெஞ்சு பதறும். வந்துவிடும். நினைத்த இடத்தில் வராமல் அதைவிட அழகான இடத்தில் வரும். அந்த இடத்தில்தான் சூப்.

மேலாளர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இசைத்தட்டு வெளியீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அந்தச் சூப் ஆளை மட்டும் எப்படியாவது வெளியேற்றிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

காது முதலில் அந்தக் குரலைக் கருவியால் வடிகட்டிப் பார்த்தார். குரலும் பியானோவின் கீழ்ச்சுரங்களும் ஒரே சுருதியில் இருந்தன. சூப் போயிற்று, கூடவே இடது கையும் போயிற்று. மாஸ்டர் ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு வாசித்தது மாதிரி ஆகிவிட்டது.

வேறு வழியில்லாமல் சூப் வருகிற துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மூன்றாவது நாடாவிலிருந்து அதே சுருதியில் ஒரு துண்டை எடுத்து ஒட்டினார். ஒட்டு தெரியவே இல்லை. தெரியாததுதான் வினையாயிற்று.

தட்டோடு வரும் கட்டுரையை எழுத இசை விமர்சகரை அழைத்திருந்தார்கள். மாஸ்டரைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த ஒட்டு வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஒரு சிந்தனையிலிருந்து இன்னொன்றுக்குப் பாலமே இல்லாமல் மாஸ்டர் தாவுகிறார், இந்தத் தாவலை இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்றார். அதைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதினார். பத்திரிகையிலும் வந்துவிட்டது.

வீட்டில் காது பத்திரிகையை மனைவியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க வெட்டி ஒட்டினதையா இப்படிப் பாராட்டியிருக்காரு?"

"ஆமா."

"அப்ப நியாயமா உங்க படத்தையில்ல போட்டிருக்கணும்."

காதுக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாடாதே. மாஸ்டர் வாசிக்காத ஒண்ணை மாஸ்டர் வாசிச்சதுன்னு ஊருக்குக் குடுக்கறதா? அதைவிடப் பாவம் உண்டா?"

மறுநாள் காலையிலேயே மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். மேலாளருக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. வெட்டியதைத் திரும்ப வைத்துவிடலாம், சூப்புக்கு மேலே கைதட்டலைப் போட்டு மூடிவிடலாம். தாவல் போனதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

விமர்சகர் கவனித்தார். தாவல் எங்கே என்று கேட்டார். நெஞ்சு உருகுகிற இடத்தில் எந்த மடையன் கைதட்டுகிறான் என்றும் கேட்டார். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று எழுந்தவரை, காது கையைப் பிடித்து உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார்.

விமர்சகரின் முகம் சுருங்கிப்போயிற்று. வெட்டாத, ஒட்டாத நாடாவைக் கேட்கவேண்டும் என்றார். கேட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை முடிந்ததும் தன் நான்கு பக்கங்களையும் தானே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவர்மேல் காதுக்கு அன்றுதான் மரியாதை பிறந்தது.

"மத்த அஞ்சு நாடாவுல இருக்கறது மாஸ்டர்," என்றார் விமர்சகர். "இதுல இருக்கறது மாஸ்டருக்கும் மாஸ்டர். ஒரு சுரத்தைத் தொடாதீங்க. சூப் ஆள் இருந்துட்டுப் போகட்டும்."

காதுக்குப் பெரிய பாரம் இறங்கியது. அது மேலாளர் தலையில் போய் ஏறியது. அடையாளம் தெரிகிற ஒருவர் குரலை அவர் சம்மதம் இல்லாமல் விற்கக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆகவே, இன்ன ஓட்டலில் மாஸ்டர் வாசிக்கும்போது சூப் ஆறிவிட்டதாகச் சொன்னவர் தயவுசெய்து தொடர்புகொள்ளவும் என்று விளம்பரம் கொடுத்தார்கள்.

வந்தவர்களின் வரிசை நிறுவனத்தின் மாடிப்படியில் இறங்கித் தெருமுனை திரும்பியது. மாஸ்டரோடு ஒரே தட்டில் இருப்பதென்றால் சும்மாவா. எல்லோரும் அந்தக் கூடத்தில் இருந்ததாகச் சொன்னார்கள், எல்லோருக்கும் சூப் ஆறியிருந்தது. ஒருவர் சாட்சிக்கு மாமியாரை அழைத்து வந்திருந்தார். கூடம் இவ்வளவு பேரைக் கொண்டிருந்தால் பியானோவுக்கே இடம் இருந்திருக்காது. காது ஒவ்வொருவரையும் மைக் முன்னால் நிறுத்தி "சூப் ஆறிப்போச்சு" என்று சொல்லவைத்துக் கேட்டார். மதியத்துக்குள் அவருக்கே எதைக் கேட்டாலும் அந்தக் குரல் மாதிரியே இருந்தது.

இதற்கு நடுவில் அந்த ஓட்டலின் முன்னாள் சமையல்காரர் போனில் வந்தார். தன் கையால் இறக்கிய சூப் ஒருநாளும் ஆறியதில்லை, தட்டு வெளிவந்தால் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்றார்.

கடைசியில் காதுதான், மாஸ்டரின் மனைவியைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஓட்டலுக்கு அடிக்கடி வருகிறவர்களை அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். விமர்சகர், தன் புத்தகங்களுக்காகப் பலமுறை அந்த வீட்டுக்குப் போயிருப்பதாகவும், அம்மா டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார், பெரிதாக ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். ஆனாலும் கூடவே வந்தார்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. மாஸ்டரின் பியானோ சுவரோரமாக, தூசியில்லாமல் இருந்தது. அம்மா ஜன்னல் திரைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, வந்த காரியத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காது ஹெட்போனை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

அம்மா கேட்க ஆரம்பித்தார். மடியில் கிடந்த துணிமேல் விரல்கள் லேசாக அசைந்தன. தைத்துத் தைத்துப் பழகிய விரல்கள் என்று காது நினைத்துக்கொண்டார். சூப் வந்தபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணிலும் கொஞ்சம் நீர்.

"அவருதான்," என்றார்.

விமர்சகர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஆமாம்மா. மாஸ்டர்தான். இப்படி அவரு வேற எங்கயும் வாசிச்சதில்லை. ஆனா நடுவுல ஒருத்தர் பேசறாரு பாருங்க, அது யாருன்னு தெரிஞ்சா போதும்."

அம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பேசறவரைத்தான் சொல்றேன். இடைவேளைல கூட்டம் எழுந்து போயிடக்கூடாதுன்னு என்னைப் பியானோவுல உக்கார வச்சிட்டு இவரு சாப்பிடப் போயிடுவாரு. நான் வாசிச்சு முடிக்கிறவரைக்கும் இப்படித்தான் எதையாவது பேசிக்கிட்டே இருப்பாரு."