வில்லுக்கத்தி ஓவசியரும் என் இடக்கையும்

உலகத்திலேயே தன் கத்தியை ஆக அதிகமாகத் தீட்டியவரும், அதை ஆகக் குறைவாகப் பாவித்தவரும் ஒரே ஆள்தான். எங்கே கேட்டாலும் இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஏனென்றால் அந்த மனிதர் கல்முனையில் ஒரு வருசத்துக்குக் கிட்ட எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும்தான் இருந்தது. வாய்க்கால் வேலை பார்க்கிற உத்தியோகம் என்பதால் ஓவசியர். சட்டைப் பையில் மடக்குகிற வில்லுக்கத்தி ஒன்று இல்லாமல் மலசலகூடத்துக்குக்கூடப் போகமாட்டார் என்பதால் வில்லுக்கத்தி ஓவசியர். வயது நாற்பத்தைந்து, கலியாணம் இல்லை. அண்ணன் முறையில் நான் அவரைக் காக்கா என்பேன். ஓரிடத்தில் ஐந்து நிமிசம் சேர்ந்தாற்போல் அவர் சும்மா இருந்ததை யாரும் கண்டதில்லை.

சூறாவளி அடித்துப் போன மறு வருசம் அது. கல்முனையில் பாதி வீடுகளுக்குப் புதுத் தகரக் கூரை. பொத்துவிலில் இருந்து கிளாக்கர் வேலைக்கு வந்த எனக்கும் கடற்கரைப் பக்கம் அப்படியொரு தகரக் கூரைக்குக் கீழே கட்டில் கிடைத்தது. அங்கே எனக்கு முன்பே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கணக்கு மாஸ்டர். மற்றவர் தபால் கந்தோரில் வேலை செய்தவர், திருக்கோயில் என்ற ஊரில் இருந்து வந்ததால் திருக்கோயில்காரர். மூன்றாமவர் ஓவசியர்.

முதல் நாள் காலையில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழு எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். வாளிக்குள் இரண்டு கற்கள் கிடந்தன. எடுத்து வெளியே வைத்தேன். அவ்வளவுதான், வீட்டுக்குள் இருந்து ஓவசியரின் சத்தம்.

“ஆரு கல்ல வெளிய எடுத்த?”

“நான்தான் காக்கா. வுழு எடுக்க வாளி வேணும்.”

“கல்லு தண்ணி குடிச்சிக்கிட்டு இரிக்கி தம்பி. குடிக்கிற ஆள இடையில மறிக்கலாமா?”

சொன்னதோடு நிற்காமல் கற்களைத் திரும்பவும் வாளிக்குள் இறக்கி, அவற்றில் இருந்து கிளம்பிய குமிழிகளைக் குனிந்து பார்த்தார். குமிழி நின்றால்தான் கல்லுக்குத் தாகம் தீர்ந்ததாம். அன்று நான் சுபஹுத் தொழுகைக்கு ஓட்டமாய் ஓடினேன்.

அந்தக் கற்கள் சும்மா கற்கள் இல்லை. எப்போதோ குளத்து வேலைக்கு வந்த ஒரு யப்பான்காரர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை. ஒன்று தவிட்டு நிறம், சொரசொரப்பு. மற்றது மஞ்சள், சவுக்காரக் கட்டி போல வழுவழுப்பு. எண்ணெய் படக்கூடாது, தண்ணீர் மட்டும்தான். ஈரச் சாக்கை மடித்துக் கல்லை வைத்து, கத்தியின் முதுகு இரண்டு நெருப்புக்குச்சி உயரத்துக்கு எழும்பி நிற்கும்படி சரித்துப் பிடித்து, தஸ்பீஹ் ஓதுகிற கணக்கில் ஒரு பக்கம் முப்பத்து மூன்று தரம், மறுபக்கம் முப்பத்து மூன்று தரம் இழுப்பார். கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு ஊறும். அதை யாராவது கழுவிவிட்டால் தொலைந்தார்கள். “அந்தச் சேறுதான் வேல செய்யுது, நானில்ல” என்பார். பிறகு கத்தி வாயில் பெருவிரலைக் குறுக்கே வைத்து, மறுபக்கம் எழும்பியிருக்கிற பிசிறைத் தடவுவார். பிசிறு தெரிந்தால் மஞ்சள் கல். மஞ்சள் கல்லும் முடிந்தால் மாஸ்டரின் இடுப்புப் பட்டி. அந்தத் தோலில் நாலு தரம் பின்பக்கமாக இழுத்தால்தான் அவருக்கு மூச்சு வரும். அதுவும் அரைமணி நேரத்துக்குத்தான். பிறகு மறுபடியும் பையில் கை போகும், கத்தி திறக்கும், பெருவிரல் தடவும், முகம் சுருங்கும். பஸ்ஸில் போனாலும் இதே வேலைதான். எவ்வளவு சனம் நெருக்கினாலும் அவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே போகும்.

ஒரு நாள் மாஸ்டர் நல்ல மாம்பழம் ஒன்று கொண்டு வந்தார்.

“ஓவசியர், அந்தக் கத்திய ஒருக்காத் தாங்க.”

“மாம்பழத்துக்கா? புளி மாஸ்டர். வாய் கெட்டுப் போகும்.”

“அப்ப பாண் வெட்டலாமா?”

“சுட்ட மாவு மாஸ்டர். மேல்தோல் கரடு.”

“கடிதாசி உறை கிழிக்க?”

“கடிதாசியப் போல கூர் தின்னுற சாமான் உலகத்தில இல்ல.”

“அப்ப இந்தக் கத்தி என்னத்துக்குத்தான் காக்கா?” என்று நான் கேட்டேன்.

என்னை அவர் பார்த்த பார்வையில் உண்மையான பரிதாபம் இருந்தது. “கூரா இரிக்கிறத்துக்கு” என்றார். மாம்பழத்தை நாங்கள் கடித்துத்தான் தின்றோம்.

கூராக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கேதான் எங்களுக்கு வில்லங்கம் வந்தது. முன்னங்கை ரோமத்தில் கத்தியை வைத்து மெல்ல இழுத்தால், தோல் அறியாமல் ரோமம் மட்டும் விழவேண்டும். வருசக்கணக்காக வழித்து வழித்து, அவருடைய இடக்கை முளைப்பதையே விட்டுவிட்டது. வலக்கையைத் தொடமாட்டார். அது சோறு தின்கிற கையாம், அதில் கத்தி வைப்பது மரியாதை இல்லையாம். ஆகவே எங்கள் இடக்கைகளுக்கு வந்தார்.

“தம்பி, இடக்கைய ஒருக்காத் தாங்க. சின்ன ஒரு டெஸ்ட்.”

மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தோம். பக்கத்தில் நின்று கத்தியைத் திறப்பதும் மடிப்பதுமாக உயிரை எடுப்பார். கையைக் கொடுத்துவிட்டுப் போவது லேசு. இப்படியே ஆறு மாதத்தில் அந்த வீட்டில் நாலு பேருக்கும் இடக்கை மொட்டை, வலக்கை காடு. எங்களுக்கு அது பழகிப் போய்விட்டது. வெளியில் இருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு மருதமுனையில் ஒரு பெண் பேசி வந்தது. பன்னிரண்டு தறி போட்டு நடத்திய ஒரு முதலாளியின் மகள். உண்மையைச் சொன்னால், புறோக்கர் பேசி வருவதற்கு முன்பே எனக்கு அவளைத் தெரியும். வீட்டோடு சேர்ந்த கடையில் ஆம்பிளைகள் உடுக்கிற சாறன் அளந்து கொடுப்பாள். ஒரே மாதத்தில் மூன்று சாறன் வாங்கினேன். மூன்றாவதை மடித்துத் தரும்போது, “வீட்டில சாறன் உடுக்கிற ஆக்கள் கூடவா?” என்று கேட்டு, சிரிப்பை உதட்டுக்குள் மறைத்தாள். அன்றில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. இவள் இல்லாவிட்டால் வேறு கலியாணமே வேண்டாம் என்று உம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, மாப்பிள்ளையின் இருப்பிடத்தைப் பார்க்க முதலாளி புறோக்கரோடு வந்தார். வெயில் தகரத்தைப் பிளந்தது. நாங்கள் நாலு பேரும் அரைக்கைச் சட்டையோடு வரிசையாக வாங்குப் பலகையில் இருந்தோம். முதலாளி தேத்தண்ணியை வாயில் வைத்தார். என் கையைப் பார்த்தார். மாஸ்டரின் கையைப் பார்த்தார். திருக்கோயில்காரரின் கையையும், கடைசியாக ஓவசியரின் கையையும் பார்த்தார். துணியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது. பாதித் தேத்தண்ணியோடு எழும்பி, “அப்ப வாறம்” என்று ஒரு சொல்லோடு போய்விட்டார்.

மறுநாள் புறோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

“முதலாளி மாட்டெண்டு நிக்காரு தம்பி. அந்த வீட்டுல என்னமோ தொத்து வருத்தம் பரவுதாம். ஒரு கையில முடி கொட்டி முடிஞ்சாம், இனி மத்தக் கைக்கும் வருமாம். மகளையும் பிடிச்சிட்டா என்ன செய்யிறெண்டு கேக்காரு.”

நான் ஓவசியரைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “உங்கட கத்தியாலதான் காக்கா எல்லாம்! என்ட வாழ்க்கையையே வழிச்சிட்டீங்க!” என்று கத்தினேன். அன்று முழுக்கக் கற்கள் காய்ந்து கிடந்தன. அவர் கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததைப் புறோக்கர்தான் வந்து சொன்னார். நேரே தறிக்கொட்டிலுக்குள் போய், கத்தியை எடுத்துக் காட்டி, எல்லாவற்றுக்கும் தானே காரணம், பொடியனில் பிழை இல்லை என்றிருக்கிறார். முதலாளி லேசில் விடுகிற ஆளா?

“வழிச்சதெண்டா முளைக்கணுமே. உங்கட கையில ஏன் முளைக்கல்ல?”

ஓவசியர் தன் மொட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

“சரி, ஆறு கிழமை பாப்பம், ஒண்டரை மாசம். பொடியன்ட கையில முடி முளைச்சா நிக்காஹ். முளைக்காட்டி என்ட மகளுக்கு வேற இடம்” என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார்.

ஓவசியர் கத்தியை மடித்து முதலாளியின் கையில் வைத்தாராம். “ஆறு கிழமைக்கும் இத நீங்களே வச்சிக்கங்க. என்னைய நம்ப ஏலாது முதலாளி. எனக்கே என்னைய நம்ப ஏலாது.”

அதற்குப் பிறகு வந்த ஆறு கிழமையை எப்படிச் சொல்வேன்! கத்தி இல்லாத ஓவசியர் கண்டதையெல்லாம் தீட்டத் தொடங்கினார். தேக்கரண்டிகளைத் தீட்டினார், சீனி கலக்கிய கரண்டியை நக்கிய மாஸ்டர் உதட்டைக் கிழித்துக்கொண்டார். அலுமாரிப் பூட்டுக்குப் போடுகிற திறப்பைத் தீட்டினார், பிறகு அலுமாரி திறக்கவில்லை. திருவலையைத் தீட்டினார், தேங்காய்ப் பூவோடு சிரட்டையும் சேர்ந்து வந்தது. அவருடைய கண் மட்டும் என் இடக்கையை விட்டு அகலவில்லை. மாஸ்டர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடிமட்டம் வைத்து அளந்தார். திருக்கோயில்காரர் ஒரு படி மேலே போய், “தம்பி, ஒழுங்கா முளைச்சா முருகனுக்கு நூறு தேங்காய் உடைக்கிறனெண்டு நேந்திருக்கன்” என்றார்.

ஐந்தாவது கிழமையில் கை கறுத்து வந்தது. அன்று பின்னேரம் ஓவசியர் ஒரு மாதிரியான முகத்தோடு வந்தார். கையில் சலூனில் இரவல் வாங்கிய சவரக்கத்தி. அதைத் தீட்டியும் இருந்தார். நான் எழும்பி ஓடினேன். அவர் பின்னால் ஓடி வந்தார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

“ஒரே ஒரு முடி தம்பி! ஓரத்தில ஒண்டு! முதலாளி எண்ணவா போறாரு?”

“அவர் நூல் எண்ணுற ஆள் காக்கா! எண்ணுவாரு!”

அவர் மணலில் குந்திவிட்டார். மூச்சு வாங்கியது. சவரக்கத்தியை மடித்து என் பக்கம் எறிந்தார். “நீங்களே கொண்டுபோய்க் குடுத்திருங்க. நான் கொண்டுபோனா வழியில கெட்டுப் போயிருவன்” என்றார். அடுத்த நாளே ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு ஒலுவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு தூரத்தில் இருந்தால்தான் என் கை தப்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தவணை முடிந்த அன்று முதலாளி வந்தார். இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடியை என் கையில் வைத்து, மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் போனார், திரும்பியும் வந்தார். “நெருக்கம் நல்லம்” என்றார் கடைசியில். “ஓரத்தில கொஞ்சம் ஐது. பரவால்ல.”

அடுத்த மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பெண் வீட்டில் எங்கள் நிக்காஹ் முடிந்தது. ஓவசியர் ஒலுவிலில் இருந்து வந்த நாளில் இருந்தே கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலியாணம் முடியட்டும் என்று இருந்திருக்கிறார். துஆ ஓதி முடிந்த மறுநிமிசம் சமையல் நடந்த குசினி வாசலில் போய் நின்று, என் மாமியை அக்கா முறையில் கூப்பிட்டார்.

“ராத்தா, என்ட சாமான் ஒண்டு முதலாளிக்கிட்ட குடுத்திருந்தன்.”

என் மாமி கத்தியைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். “இந்தாங்க தம்பி. அருமையான கத்தி. இவ்வளவு நாளும் கருவாடு வெட்டினதும் தேங்கா தோண்டினதும் இதாலதான். இண்டைக்கு இறைச்சியில எலும்பையும் இதாலதான் பிரிச்ச.”

அவர் கத்தியைத் திறந்தார். வாய் முழுக்கப் பல் பல்லாய் உடைந்திருந்தது. நுனி வளைந்திருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். திருக்கோயில்காரர் முருகனைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. ஓவசியர் பெருவிரலால் அந்தப் பற்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“இண்டைக்கு எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்களா ராத்தா?”

“ஓம் தம்பி, அல்ஹம்துலில்லாஹ்.”

“அப்ப சரி” என்றார்.

கொஞ்ச நேரத்தில் நான் அவரைத் தேடிக் கிணற்றடிக்குப் போனேன். கற்களை ஈரத் துவாயில் சுற்றிக் கலியாண வீட்டுக்கே கொண்டு வந்திருந்தார்! சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தவிட்டுக் கல்லில் இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. “மூணு நாள் வேல இரிக்கி தம்பி. நுனியில ஒரு அங்குலத்துக்குத்தான் இப்போதைக்குக் கூர் எடுத்திரிக்கன்” என்றார். மஞ்சள் கல்லில் நாலு இழுப்பு இழுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கிணற்றுக்குள் பார்த்தார்.

உள்ளே “மாப்பிள்ளை எங்க?” என்று என்னைத் தேடுகிற சத்தம் கேட்டது. நான் புதுச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, கையை மடித்து, இடக்கையை நீட்டினேன்.

“வேணாம் தம்பி. முதலாளி பாத்திருவாரு.”

“பாக்கட்டும் காக்கா. இனி என்ன செய்யப் போறாரு?”

அவர் என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார். ரோமம் விழுந்தது, தோலுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்காக ஆறு கிழமை தன் கத்தி இல்லாமல் இருந்த அந்தக் கைகளுக்கு, அன்று என் தோளையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.