ரெட் டேக் அண்ணனும் டாரட் புத்தகங்களும்

இந்த உலகத்தையே ஒரு மேஜைமேல் வைத்துக் கொடுத்திருந்தால், ரெட் டேக் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல பிசிரு இருக்குது, திருப்பி எடுத்துக்கினு போ" என்று சொல்லியிருப்பார். படைத்தவரே நேரில் வந்து நின்றாலும் அதேதான் பதில்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூர் சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நானும் அவரும் வேலை பார்த்தோம். வெளிப் பட்டறைகளிலிருந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து உள்ளே விடுவது அவர் பொறுப்பு. தேறியதற்குப் பச்சை அட்டை கட்ட வேண்டும், தேறாததற்குச் சிவப்பு. அண்ணனிடம் இருந்த பச்சை அட்டைக் கட்டு பிரிக்கப்படாமலே பழுப்பேறிக் கிடந்தது. சிவப்பு மட்டும் வந்த வேகத்தில் காலியாகும். அப்படி வந்த பெயர்தான் ரெட் டேக். சொந்தப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை முடிந்தாலும் அவர் கை நிற்காது. நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் ஒழுகும் குழாயில் சிவப்பு அட்டை தொங்கும். மெஸ்ஸில் இட்லிப் பானையின் காதில் தொங்கும். ஒரு கோடையில் தன் ஊரான நாகரசம்பட்டிக்குப் போனவர், சொந்தத் தோப்பு மாங்காய்க் கூடையிலேயே ஒன்றைக் கட்டிவிட்டார், அதுவும் வியாபாரி வந்து நிற்கும்போது. அதற்கப்புறம் அவர் அப்பா வெகுநாள் போனை எடுக்கவில்லை.

இப்படி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிய மனிதரை, பெண் வீட்டார்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வயது முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. எந்த ஜோசியர் பார்த்தாலும் ஜாதகம் சேரவில்லை என்றார். மற்ற இடங்கள் தட்டிப்போனபோது அண்ணன் அசரவில்லை. கெலமங்கலத்துச் சுகுணா விஷயத்தில்தான் ஆள் ஆடிப்போய்விட்டார்.

சுகுணா அங்கே ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிப்பவர். பெண் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். அவர் கொண்டுவந்து கொடுத்த காபியில் ஆடை மிதந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் மடமடவென்று குடித்தார். விஷயம் கைமீறிவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ஆனால் ஜாதகம் வழக்கம்போல் கையை விரித்தது. "ஆடி கழியட்டும், ஆவணியில வேற எடம் பாத்துக்கறோம்" என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.

அண்ணன் மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரே கேஜ வெச்சி அளந்துட்டு ரிஜெக்ட்டுன்னா எப்படி மதுர?" என்றார். நான் மதுரைக்காரன், அதனால் அவருக்கு நான் மதுர. கேஜ் என்பது நாங்கள் சாமானை அளக்கும் கருவி. "அந்த கேஜே தேய்ஞ்சி போயிருந்தா? வேற ஒண்ண வெச்சிப் பாக்கணுமில்ல?"

"வேற எதுண்ணே இருக்கு?"

"டாரட்டு."

பெங்களூரில் ஒரு பெரிய கடைவளாகத்தில், படம் போட்ட சீட்டுகளைப் பரப்பி ஒரு பெண்மணி பலன் சொன்னதை அவர் பார்த்திருக்கிறார். அடுத்தவர் அளந்து சொல்வதை நம்புகிற ஆளா அண்ணன்? தானே கற்றுக்கொள்வது என்று முடிவுசெய்து ஒரு சீட்டுக்கட்டும் வாங்கிவிட்டார். கற்றுக்கொள்ளப் புத்தகம் வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

ஞாயிறு தோறும் பஸ் ஏறி பெங்களூர் போவோம். நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாச் சீட்டுக்கும் படம் இருக்கிறதா, சீட்டு தலைகீழாக விழுந்தால் என்ன என்று சொல்லியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டுவார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பேக்கா, பேட்வா?" என்று கன்னடத்தில் கத்துவார். வேணுமா வேண்டாமா என்கிறார்.

"நோட்தீனி சாமி" என்பார் அண்ணன், தலையைத் தூக்காமலே. பார்க்கிறேன் சாமி என்று அர்த்தம். பொழுது சாயும்வரை பார்ப்பார்.

வாங்கிவந்த புத்தகங்களும் தப்பவில்லை. தங்க எழுத்துப் போட்ட தடிப் புத்தகம் ஒவ்வொரு சீட்டுக்கும் பத்து அர்த்தம் சொன்னது. "பத்து அளவு சொன்னா அது அளவா?" சிவப்பு அட்டை. இன்னொன்றில் படமே இல்லை. "டிராயிங் இல்லாத பார்ட்ட எப்படிறா செக் பண்றது?" அதற்கும் சிவப்பு. மூன்றாவது புத்தகம் எந்தச் சீட்டை எடுத்தாலும் ஆபத்து, விபத்து என்று பயமுறுத்திவிட்டு, கடைசிப் பக்கத்தில் தாயத்து விளம்பரம் போட்டிருந்தது. அதற்கு இரண்டு சிவப்பு.

பார்வையில் தேறியவற்றுக்கு அடுத்த பரீட்சை இருந்தது. அளவுகோல் சரியா என்று பார்க்க, ஏற்கெனவே அளவு தெரிந்த சாமானை வைத்து அளப்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். அண்ணன் அதே மாதிரி பதில் தெரிந்த கேள்வியாகக் கேட்டார். கட்டைக் குலுக்கி, கண்ணை மூடி, பக்தியோடு, "நேத்து மெஸ்ஸுல இன்னா டிபன்?" என்றார்.

கிண்ணப் படம் போட்ட சீட்டு வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு புத்தகத்தில் பலன் பார்த்தோம். உணர்ச்சிகள் பொங்கி வழியும் என்று போட்டிருந்தது.

"உப்புமாவுல ஏதுடா உணர்ச்சி?" என்று அண்ணன் புத்தகத்தை மூடினார்.

இப்படியே ஆடி பாதி ஓடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீங்க புக்கு தேடி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு வளைகாப்பே முடிஞ்சிரும்ணே!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தப்பான புக்குல கத்துக்கினா தப்பாத்தான வரும்? மத்ததுல எப்படியோ போவட்டும். அவ விஷயத்துல எனக்குத் தப்பு வரக்கூடாது மதுர" என்றார். அதற்குமேல் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஞாயிறு நானே முதல் ஆளாகக் கிளம்பி நின்றேன்.

அன்றைக்குத்தான் அந்த ஒல்லிப் புத்தகம் கிடைத்தது. சீட்டுக்கு ஒரு படம், பக்கத்தில் நாலு வரி, அதுவும் நமக்குப் புரிகிற ஆங்கிலம். பயமுறுத்தல் இல்லை, பரிகாரம் இல்லை. சீட்டைத் தொடும் முன்பு எதிரில் இருப்பவரிடம் பேசு, அவர் மனதில் இருப்பதைக் கேள் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருந்தது. அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு பச்சை அட்டைக் கட்டைப் பிரித்தார். தொழிற்சாலையில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

ஆடி முடிய இன்னும் சில நாள்தான். அவருடைய மொபெட்டில் கெலமங்கலம் போனோம். ஒல்லிப் புத்தகம் மட்டும் போதாதா? ஒத்துப் பார்க்க வேண்டும் என்று, தேறாத புத்தகங்களையும் மூட்டை கட்டி என் மடியில் வைத்துவிட்டார். பண்ணையில் சாப்பாட்டு நேரம். சுகுணா கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வணக்கம்கூடச் சொல்லாமல் சீட்டைப் பரப்பினார்.

"இன்னாங்க இது, சீட்டாட வந்தீங்களா?" என்றார் சுகுணா.

"இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு எடுங்க."

அவர் எடுத்தார். குதிரைமேல் எலும்புக்கூடு. மரணச் சீட்டு.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது சாவு இல்லீங்க, பயப்படாதீங்க, மாற்றம்னு ஒண்ணுல போட்டிருக்குது, இருங்க" என்று மூட்டையைப் பிரித்தார். ஒன்றை எடுத்தார், போட்டார், இன்னொன்றை எடுத்தார். ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே தேடினார். அளவு எடுக்கும்போது மயிரிழை பிசகாத கை அது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

சுகுணா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குதிரை நல்லாத்தான் கீது" என்றார். பிறகு மூட்டையைப் பார்த்தார். "இத்தினி புக்கு படிச்சீங்களே, பொண்ணுக்குப் புடிச்சிருக்குதான்னு அவளையே கேளுன்னு எதுலயாச்சும் போட்டிருக்குதா?"

அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒண்ணுல போட்டிருக்குதுங்க" என்றார்.

"அப்ப கேக்கறதுதான?"

அண்ணன் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உங்களுக்கு என்னியப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டேவிட்டார்.

"எனக்குப் புடிச்சிருக்குது. எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ஆவணியில வந்துருங்க" என்றார் சுகுணா.

அப்பாவிடம் அவர் பேசியதும், ஆவணியில் கல்யாணம் நடந்ததும் தனிக் கதை. எனக்குள் அப்படியே நிற்பது நாங்கள் திரும்பி வந்த வழிதான். மத்திகிரி நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் திடீரென்று மொபெட்டை ஓரம் கட்டினார்.

"மதுர, அவ நெஜமாலுமே சொன்னாளா? நீ கேட்டியா?"

"கேட்டேண்ணே."

"இன்னா சொன்னா, சொல்லு."

சொன்னேன். வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், "இன்னொருவாட்டி சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னேன். ஓசூர் வந்து சேரும்வரை, எதிர்க்காற்றில் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது போன் போட்டுக் கேட்டாலும் சொல்வேன்.