பதினைந்து கிலோப் படலம்

வாழி, வாஞ்சிநாதப் பெருந்தகையே! லேக் கார்டன்ஸில் லிஃப்ட் இல்லாக் கோட்டையின் மூன்றாம் மாடி வேந்தே, வங்கிக் கிளையை முப்பத்தோராண்டு காத்த கொற்றவனே, மழைக்காலந்தோறும் முழங்கால் நீரில் செருப்பைக் கையிலேந்தி அலுவலகம் ஏகிய அஞ்சா நெஞ்சனே! ஐம்பத்தேழாம் அகவையில், அந்தமானுக்கும் தெற்கே அலைகடல் நடுவே கிடக்கும் பச்சைத் தீவொன்றின்மேல் நீ படையெடுக்கத் துணிந்த கதையைப் பாடப் புகுந்தோம். கலைமகளே, எம் நாவில் வந்து அமர்க! வெற்றிலை போட்ட நாக்கு, சற்றே பொறுத்தருள்க.

கல்கத்தா மாநகரில் மீனைக் காணாத மாந்தர் உண்டோ? கரியாஹாட் அங்காடியில் அது அரிவாளின்முன் துண்டாகும். அண்டை வீட்டு வாணலியில் கடுகரைத்த குழம்பில் மிதக்கும். ஆயின் உயிருள்ள மீனை, பவளப்பாறையாகிய அதன் சொந்த வீட்டுக்கே சென்று, முகத்துக்கு முகம் கண்டுவர விழைந்த சைவ உணவினன் இவன் ஒருவனே. அதன்பொருட்டு, விடியல் ஆறு மணிக்கெல்லாம் ரவீந்திர சரோவரத்து நீச்சல் சங்கத்தில், தன் மகளினும் இளைய மங்கையர் வாய்பொத்தி நகைக்க, பதினொரு திங்கள் தவமிருந்து, மூக்கு வழியே பாதி ஏரியைப் பருகி, நீந்தக் கற்றான். அத்தவத்துக்கு இரங்கிய தெய்வம் இணையக் கடை வாயிலாக அருளிய படைக்கலங்கள் மூன்று: கண்ணாடி முகமூடி, மூச்சுக்குழல், காலில் மாட்டும் வாத்துப்பாத ரப்பர்த் துடுப்புகள். எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ.

எதிர்நின்றாள் பாகீரதி! பருப்புப்பொடி தரித்த பெருந்தேவி, அப்பளக் கட்டுகளின் அதிபதி, இருபத்தொன்பது ஆண்டுகளாக அவனுக்கு மனையாள், எவ்வூர் சென்றாலும் அவ்வூரில் சோறு கிடைக்காது என்று உறுதியாக நம்புபவள். தன் பெட்டியை விளிம்பு வரை நிறைத்துப் பூட்டிவிட்ட அத்தேவி, மின்சார ரைஸ் குக்கர் ஒன்றை, அதன் வயிற்றில் பொன்னி அரிசி நிரப்பி, கணவன் பெட்டியின் நட்டநடுவே பிரதிஷ்டை செய்தாள். அதுவும் இரண்டு கிலோ.

விமான நிறுவனமோ தலைக்குப் பதினைந்து கிலோ என்று கோடு கிழித்திருந்தது. கோட்டைத் தாண்டினால் கவுண்ட்டரில், ஊரே வேடிக்கை பார்க்க, பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

"ரெண்டுல ஒண்ணுதான் போகும்னா என் குக்கர்தான் போகும். சொல்லிட்டேன்" என்று முழங்கினாள் தேவி.

"பதினோரு மாசம் அந்த லேக்குல முங்கினது அரிசி களையறதுக்கா?" என்று இடித்தான் வேந்தன்.

பெட்டியின் உண்மை எடையை உரைக்க வீட்டில் ஒரு தராசும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பத்து மணிக்கு, விதியே தொண்டையைக் கனைத்துக்கொண்டதுபோல் தெருவில் எழுந்தது ஒரு குரல்: "பிக்ரீ...!" பழைய பேப்பர் வாங்கும் ரஞ்சன் வந்துவிட்டான். அவன் தோளில் தொங்கிய கொக்கித் தராசுக்கும் நம் வேந்தனுக்கும் பன்னிரண்டாண்டுப் பகை. மாதந்தோறும் அதை நோக்கி "திருட்டுத் தராசே!" என்று இவன் சீறுவதும், மாதந்தோறும் காளிமேல் ஆணையிட்டு அவன் மறுப்பதும் அத்தெருவின் நித்திய பூஜை. வேறு வழியில்லை. மூன்று மாடிப் படிகளையும் முதுகெலும்பால் எண்ணியபடி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான் வாஞ்சிநாதன்.

கொக்கி மாட்டினர், பெட்டி எழுந்தது, முள் நடுங்கியது, திசைகள் எட்டும் மூச்சடக்கின. பதினாலரை! துடுப்பும் உண்டு, குக்கரும் உண்டு, அரைக் கிலோ மிச்சமும் உண்டு! வேந்தன் நடுத்தெருவில் துள்ளினான், ரஞ்சனைத் தழுவினான், தராசைக் கண்களில் ஒற்றிக்கொண்டான். அக்கணமே தெருவே பௌதி என்றழைக்கும் எதிர்மாடி போஸ் வீட்டு அண்ணி வெற்றிச் சங்கு முழக்கினாள். தன் வீட்டுப் பூஜைக்காகத்தான்.

"திருட்டுத் தராசுன்னேளே?" என்றாள் பால்கனியில் இருந்து பாகீரதி.

"அது பேப்பருக்கு! பெட்டிக்கு இது தர்மதேவதை!"

அப்போதுதான் ரஞ்சனின் நெஞ்சினுள் பெரும்போர் மூண்டது. வாயைத் திறந்தால் பன்னிரண்டாண்டுக் காளி ஆணை பொடிப்பொடியாகும். திறவாவிடிலோ, தன்னைத் திட்டினாலும் தீபாவளிக்குத் தவறாமல் முறுக்குத் தரும் இந்த மனிதர், விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்து, அத்தனை பேர் முன்னிலையில் அப்பளக் கட்டோடு தலைகுனிந்து நிற்பார். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். பிறகு, பெட்டிக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னான்.

"தாதா, ஆரோ து கேஜி தோருன்."

தராசு காட்டியதோடு இன்னும் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், அண்ணா!

ஆகா, இதனினும் கொடிய வெற்றி எவ்வேந்தனுக்கு வாய்த்தது! பன்னிரண்டாண்டுப் பகைவன் தன் வாயாலேயே தோல்வியை ஒப்புக்கொண்ட அதே நொடியில், வென்றவனின் மீன்களெல்லாம் வாலை ஆட்டி விடைபெற்று ஆழ்கடலுக்குள் மறைந்தன. பதினாறரை! கொடிகள் சாய்ந்தன, முரசுகள் ஓய்ந்தன, சங்கும் அடங்கியது. பெட்டியை மீண்டும் மூன்று மாடி சுமந்தேறி, கூடத்தின் நடுவே வைத்து, அதைத் திறந்து, தன் வாத்துப்பாதத் துடுப்புகளைத் தானே உருவியெடுத்து, மடிமேல் கிடத்தி, அவற்றின் ரப்பரை ஒருமுறை தடவிப் பார்த்தான் அந்த ஏரி கடந்த வீரன். தேவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். மின்விசிறி மட்டும் சுழன்றது.

பாகீரதி அவர் மடியிலிருந்து துடுப்புகளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ரைஸ் குக்கரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.