அசையாதவர்களுக்கு விளக்கு இல்லை

திருப்பூர்
18.10.2008

மதிப்பிற்குரிய குன்னத்தூர் மாமாவுக்கு அபிராமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே அத்தையும் புதிய கன்றுக்குட்டியும் நலமா? நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். அப்பாவிடம் போனில் கேட்டால் பாதியை விட்டுவிட்டுச் சொல்வார். நான் எதையும் கூட்டாமல், மறைக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் அழைத்து வந்த காலேஜ் பேராசிரியர் மோகன்ராஜ் சாரும் அவர் மாணவி வேல்விழி அக்காவும் நம் பனியன் கம்பெனியில், ஜன்னல் இல்லாத செக்கிங் ரூமில், சோப்பு டப்பா போல ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அது தானே விளக்கை அணைத்துவிடும். யாராவது அசைந்தால் போட்டுவிடும். வேல்விழி அக்கா படிப்பின் கடைசி வருடத்துக்காகச் செய்தது அது. அரசாங்க அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நம் தெருவில் உள்ள சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் அரசாங்கமே மாட்டித்தரும். இல்லையென்றால் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அப்பாவோ தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார்.

முதல் நாளே பெட்டி நன்றாக வேலை செய்தது. அதுதான் தொந்தரவு. அங்கே செக்கிங் செய்யும் மயிலாள் அக்கா பனியனில் ஓட்டை தேடி இமைக்காமல் உட்கார்ந்திருப்பார், விளக்கு போய்விடும். "நானொருத்தி இங்க உசுரோட இருக்கறேனுங்க" என்று பனியனைத் தலைக்கு மேலே சுற்றுவார், வந்துவிடும். "அதிகாரி வர்றப்ப இப்படி ஆனா மானம் போயிரும்" என்று அப்பா சரியாகத் தூங்கவே இல்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பொன்னாடை போர்த்தி, விளக்கு அணைவதைக் காட்ட எல்லோரும் அறைக்கு வெளியே வந்து நின்றோம். அறை காலி, ஆனால் விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது. வேல்விழி அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நேத்து வரைக்கும் அணைஞ்சுச்சே சார்" என்றார். மோகன்ராஜ் சார் சமாளித்து, "உள்ள வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க சார், அதுக்குள்ள சரியாயிரும்" என்றார். அதிகாரி 'சிறுதொழிலும் புதுமையும்' என்று ஆரம்பித்தவர் டீ நேரம் வந்தும் முடிக்கவில்லை. அவர் பேசும்போது அசையக் கூடாதென்று அப்பா சொல்லியிருந்ததால் யாரும் கொசுவைக்கூட அடிக்கவில்லை. அப்போது விளக்கு அணைந்தது.

"வேலை செய்யுது சார்" என்றது மோகன்ராஜ் சாரின் குரல்.

"நான் பேசிட்டுத்தானே இருக்கேன்?"

"வாய் மட்டுந்தான் சார் அசைஞ்சுச்சு. பெட்டி அதைக் கணக்குல எடுக்காது" என்றார் வேல்விழி அக்கா.

அதிகாரி கையைத் தூக்கினார் போல. விளக்கு எரிந்தது. கை மேலேதான் இருந்தது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நல்லவேளை, இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். கன்றுக்குட்டியின் நெற்றியை எனக்காக ஒருமுறை தடவிக்கொடுங்கள்.

அன்பு மருமகள்,
அபிராமி

பி.கு.: மறைக்க மாட்டேன் என்று எழுதிவிட்டதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. அதிகாரி வரும் முன்பே, பயத்தில், அப்பா பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, விளக்கைப் பழையபடி சுவிட்சிலேயே எரிய விட்டுவிட்டாராம். விளக்கை அணைத்தது சுவிட்ச் பக்கத்தில் நின்ற மயிலாள் அக்கா. "டீ பெல்லு அடிச்சுதுங் கண்ணு. தினம் அணைச்சுட்டுத்தானே போவோம், கை தானாப் போயிருச்சு. கதவிடுக்கு வெளிச்சத்துல அவரு கையத் தூக்கறது தெரிஞ்சுது, வையறாருன்னு பயந்து போட்டுட்டேன்" என்றார். அப்பா இன்று வேல்விழி அக்காவிடம் உண்மையைச் சொன்னார். அவர் வயரை மாட்டிவிட்டு, "அபிராமி, நீ உள்ள தனியா உக்காந்து எழுது. வேலை செய்யுதான்னு பாப்போம்" என்றார். அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் மாமா. பேனா மட்டும்தான் அசைகிறது. விளக்கு அணைந்துவிட்டது.