முப்பத்திரண்டாம் நம்பர் பச்சை

என் குண்டுமணிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமான்னு கேக்கறது முறை, அதனால கேட்டுட்டேன். நீ கண்ணை மூடி நாலு மாசமாச்சு, பதில் போடலைன்னு கோவிச்சுக்க மாட்டேன்.

ஒரு தப்பு பண்ணிட்டேன். உன் கம்ப்யூட்டரைத் தினமும் சாயங்காலம் போட்டு வைக்கிறேன். நீ தட்டிக்கிட்டே இருப்பியே, திரையில அந்தக் கருப்புப் பெட்டி, கலர் எழுத்தா ஓடுமே, அது இருந்தா ரூம்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு. செவ்வாய்க்கிழமை பொத்தான் இடுக்குல உன் பிஸ்கட் தூள் கிடந்துது, ஈரத்துணியால துடைச்சேன். திரையில என்னமோ ஓடிச்சு, அப்புறம் ஏதோ கேள்வி கேட்டு நின்னுச்சு. எனக்குத்தான் யார் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வராதே, ஆமான்னு அமுக்கிட்டேன். அதோட கலர் போச்சு. எல்லாம் வெளிறிப்போன வெள்ளை. டி.வி. ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்தேன். முதுகுல ரெண்டு தட்டு தட்டி, "திரை தங்கமா இருக்கும்மா, கோளாறு உள்ளுக்குள்ள"ன்னார். எனக்கும் அப்படித்தான்னேன். மனுஷன் பையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டார்.

அப்புறம் உன் ஆபீஸ்ல பக்கத்து சீட்டு வாயாடிக்குப் போன் போட்டேன். "ஆன்ட்டி, கலர் எழுதின வரியை அழிச்சுட்டீங்க. புதுசா எழுதிடலாம். என்ன கலர் வச்சிருந்தா?"ன்னா. "பச்சை"ன்னேன், டக்குன்னு. அவ ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, நான் அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி ஒத்தை விரலால அடிச்சேன். முப்பத்திரண்டுன்னா பச்சையாம். கண்ணாடி போடலை, ரெண்டுக்குக் கீழே இருந்த சைபர்ல விரல் விழுந்துடுச்சு. முப்பது கருப்பாம். "அய்யோ, ஒண்ணுமே இல்லைடி!"ன்னு கத்திட்டேன்.

"எழுத்தெல்லாம் அங்கேயேதான் இருக்கு ஆன்ட்டி. கருப்பு மேல கருப்பு, நமக்குத் தெரியலை, அவ்வளவுதான். அழாதீங்க."

"நான் எங்கேடி அழுதேன்? ஜலதோஷம்."

அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க வச்சு, சைபரை எடுத்து ரெண்டைப் போடச் சொன்னா. பளிச்சுன்னு பச்சை வந்துடுச்சு, நீ வச்ச மாதிரியே. கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடுன்னு எழுத வருது கை, பிடிச்சு நிறுத்தறேன். எந்தச் சாமிகிட்ட இருந்தாலும் நல்லபடியா இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: பச்சைன்னு அவகிட்ட அடிச்சுச் சொல்லிட்டேனே, எனக்குத் தெரியாதுடி. நீ அங்கே உக்கார்ந்திருக்கறப்போ நான் கதவோரம் நின்னு உன் முதுகைத்தான் பார்த்திருக்கேன். நீ போனப்புறம் தினம் போட்டு வைக்கிறப்பவும், கண்ணாடி இல்லாம ஏதோ கலர்னுதான் தெரிஞ்சுது, எதுன்னு உத்துப் பார்க்கலை. இப்போ இந்தப் பச்சை யாரோ வீட்டு விளக்கு மாதிரி எரியுது. நீலமா, மஞ்சளா? நீ என்ன கலர்டி வச்சிருந்தே?