தயவுசெய்து திறக்க வேண்டாம்

மெயிலில் வந்த கோப்பைத் திறந்து, மேலே மஞ்சள் பட்டையில் இருந்த 'எனேபிள்' பொத்தானை அமுக்கியதுதான் தாமதம், கிளாட்வினின் கணினித் திரை முழுக்கச் சிவந்தது. 'உங்கள் கோப்புகள் எங்கள் கையில்' என்று நடுவில் கொட்டை எழுத்து.

"மாதாவே!" என்று அலறினான்.

துறைமுகத்தை ஒட்டிய கப்பல் ஏஜென்சி அது. மதியம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து இதே ஊர்க்காரியான ரம்யா மேடம் போன் செய்து, கிளையின் கணினிப் பாதுகாப்பு அதிகாரியாக அவனை அறிவிப்பதாக இருந்தது. எல்லோருக்கும் கொடுக்க முந்திரி மக்ரூன் கூட வாங்கி வைத்துவிட்டான்.

பக்கத்து மேஜை ஏஞ்சலின் எட்டிப் பார்த்தாள்.

"கண்ட ஃபைல்லயும் மேக்ரோவை ஓட விடலாமாண்ணே? உள்ள என்ன புரோகிராம் ஒளிஞ்சிருக்கோ!"

"கண்ட ஃபைல் இல்லளா. 'அண்ணாச்சி, கப்பல் வருகை விவரம் பாருங்க'ன்னு வந்துச்சு. திருட்டுப்பய எவனாவது அண்ணாச்சின்னு மரியாதையா கூப்பிடுவானா?"

பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினான். சிவப்பு போகவில்லை. கோளாறு தன் கணினியிலா, கோப்பிலா என்று பார்க்க, கிடங்குக் கணினிக்கு ஓடி அதே மெயிலை அங்கேயும் திறந்தான். கோளாறு கோப்பில்தான். இப்போது கிடங்கும் சிவப்பு.

பாதுகாப்பு அதிகாரி ஆகப்போகிறவன் சும்மா இருக்கலாமா? அலுவலகம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை தட்டினான்: 'ஆபத்தான கோப்பு! தயவுசெய்து யாரும் திறக்க வேண்டாம்!' எந்தக் கோப்பு என்று அடையாளம் தெரிய வேண்டுமே? அதையும் கூடவே இணைத்து அனுப்பினான். அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தான்.

"அய்யோ!" என்றாள் ஏஞ்சலின். அவள் திரை சிவப்பு.

"நீ ஏம்ளா திறந்தே?"

"திறக்காதீங்கன்னு எழுதியிருந்திய. அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்தேன்."

வரிசையாக ஒவ்வொரு மேஜையிலும் கூச்சல். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் தேவபிரசாதம், "ஏலே கிளாட்வின்!" என்று கத்தினார். அவர் முகமும் திரையும் ஒரே நிறம்.

போன் அடித்தது. வேலையே போச்சு என்று நினைத்துக்கொண்டே எடுத்தான்.

"அண்ணாச்சி, ரம்யா பேசுதேன்," என்றது குரல். அண்ணாச்சியா? அவன் சிவந்த திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த ஃபைல்ல ஆபத்து ஒண்ணுமில்ல, யாரு ஏமாறுதாவன்னு சோதிக்க எல்லாருக்கும் நாங்கதான் அனுப்பினோம், உங்களைத் தவிர ஒருத்தரும் தொடல. நீங்க திறக்காதீங்கன்னு அனுப்பினதும் மேனேஜர் வரைக்கும் திறந்துட்டாவளே! பாதுகாப்பெல்லாம் வேற யாராவது பார்க்கட்டும், நீங்க பேசாம இங்கன வந்து ஆளுகளை எப்படி ஏமாத்தணும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுங்க!"